கொளஞ்சி அண்ணன் வாங்கிய டிரில்லிங் மெஷின்

சூளையிலிருந்து இறங்கிய பீங்கான் பியூஸ் கட்டைகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல கட்டை ணங்கென்று சத்தம் கொடுக்கும். உள்ளே கீறல் இருந்தால் டொக்கென்று அடங்கிவிடும். சூப்பர்வைசர் செல்போனைக் கையில் பிடித்தபடி என் மேஜைக்கு வந்து நின்றார். "வசந்தாம்மா, கையில இருக்குறத கீழ வைங்க" என்றார். வைத்தேன். "டை செக்‌ஷன் கொளஞ்சி அண்ணன் போயிட்டாராம். மாரடைப்பு. காலையில டீ குடிச்சிட்டு உக்காந்தவரு எழுந்திருக்கலையாம்."

"பொய் சொல்லாதீங்க" என்று கத்திவிட்டேன். பக்கத்து மேஜைக்காரர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். முதல் நாள் சாயங்காலம் கம்பெனி கேட்டில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றவர் அவர். "அந்தப் புள்ளய ஒருவாட்டி வூட்டுப் பக்கம் அனுப்பும்மா, போல்ட்ட பாக்கணும்" என்று சொன்னவர். நாளைக்கு அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். அந்த நாளை இப்படி வரும் என்று யார் கண்டது?

இன்று அவர் படத்தைத் திறக்கக் கூடியிருக்கிறோம். கம்பெனி சார்பில் என்னைப் பேசச் சொன்னார்கள். மைக்கைப் பிடித்துப் பேச எனக்கு வராது, அழுது வைப்பேன். அதனால் எழுதிக்கொண்டு வந்து படிக்கிறேன். ஸ்ரீமுஷ்ணம் பக்கத்திலிருந்து வந்திருக்கும் அவருடைய உறவுக்காரர்களுக்குக் கம்பெனி விஷயம் தெரியாது என்பதால் ஒன்றிரண்டை விளக்கமாகவே சொல்கிறேன். தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் டை செய்கிறவர். டை என்றால் களிமண்ணை அழுத்தி உருவம் எடுக்கிற இரும்பு அச்சு. ஈரமண் காயும்போது கொஞ்சம் சிறுக்கும், சூளையில் வேகும்போது இன்னும் சிறுக்கும். ஆகவே கட்டை எந்த அளவில் வேண்டுமோ அதைவிடப் பெரிதாகத்தான் அச்சைச் செய்யவேண்டும். இந்தக் கூடுதலுக்குச் சுருக்கம் போடுவது என்று பெயர். ஊறின பழக்கம் எங்கே போகும்? அண்ணன் எல்லாவற்றுக்கும் சுருக்கம் போடுவார். சட்டைத் துணி எடுத்தால் ஒரு முழம் கூட. தீபாவளிக்குத் தனபாக்கியம் அண்ணிக்கு அவர் வாங்கிவந்த கண்ணாடி வளையல் முழங்கை வரைக்கும் ஏறிப்போய் நின்றது. ஏழு மணி பஸ்ஸுக்கு ஆறு மணிக்கே போய் நிற்பார். அண்ணி அவரை எதற்கெடுத்தாலும் ஒரே கேள்விதான் கேட்பார்: "சுருக்கம் போட்டாச்சா?" அவரும் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்பதுபோல் சிரிப்பார்.

என் மகள் சுகன்யாவை உங்களில் பலருக்குத் தெரியும். சின்ன வயதில் வந்த காய்ச்சலில் அவளுக்கு இடதுகால் பலம் போய்விட்டது. கேலிப்பர் மாட்டித்தான் நடப்பாள். தொடையிலிருந்து பூட்ஸ் வரைக்கும் இரண்டு பக்கமும் இரும்புப் பட்டை இறங்கும். முகாமில் கொடுத்தது. அவள் ஐந்தாம் வகுப்பு முடிக்கும்போது கால் வளர்ந்துவிட்டது, இரும்பு வளரவில்லை. உடம்பை ஒருபக்கம் சாய்த்துச் சாய்த்து நடந்து, தொடையில் புண்ணாகிவிட்டது. புதுச்சேரி ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்துவிட்டு, புதியது கிடைக்க நாளாகும், அதுவரைக்கும் கீழே பட்டை சேர்த்து நீளமாக்கிக்கொள்ளலாம், ஆனால் துளை நேராக விழவேண்டும், போட்டுக்கொண்டு வந்து என்னிடம் காட்டுங்கள் என்றார். ஊரில் ஒரு பட்டறையில் கை டிரில்லால் துளை போட்டுக் கொடுத்தார்கள். துளை சாய்ந்திருந்தது. போல்ட் இளகி, பாலக்கரையில் நடுரோட்டில், அத்தனை பேர் பார்க்க, பிள்ளை விழுந்தாள்.

பள்ளிக்கூடம் திறக்கிற நேரம். ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளி. பஸ்ஸிலிருந்து இறங்கிக் கொஞ்ச தூரம் நடக்கவேண்டும். என் வீட்டுக்காரர் அப்போது திருப்பூரில் வேலையில் இருந்தார். மாமியார் ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே, "நடக்க முடியாத புள்ளய எதுக்கு அவ்ளோ தூரம் இழுத்தடிக்கிற? எழுதப் படிக்கத் தெரிஞ்சிடுச்சில்ல, போதும்" என்றார். அவர் கெட்டவர் இல்லை, பயத்தில் சொன்னார். ஆனால் சுகன்யா தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டே உள்ளே போனாள்.

மறுநாள் நேரே டை செக்‌ஷனுக்குப் போனேன். அங்கே ஆள் உயர டிரில்லிங் மெஷின் இருக்கிறது. "எண்ணே, நாலு ஓட்டை போட்டுக் குடுங்க" என்றேன். அண்ணன் பட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என் கையிலேயே திரும்பக் கொடுத்தார். "கம்பெனி மிஷின்ல நம்ம வூட்டு வேலய செய்யறதில்லம்மா. எங்கண்ணன் சைக்கிள் கேரியரையே திருப்பி அனுப்புனவன் நானு."

எனக்கு வந்த ஆத்திரம்! "உங்க நியாயத்த நீங்களே வெச்சிக்கோங்க. எம்பொண்ணு ரோட்டுல வுழட்டும்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அவர் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கேன்டீனில் டீ வாங்கி நீட்டினார், வாங்கவில்லை. நான் அப்படித்தான், உங்களுக்குத் தெரியாததா?

அந்த வாரமே ஒரு சாயங்காலம் கேட்டில் என்னை மறித்தார். கூட அண்ணியும் நின்றார். "ஞாயித்துக்கெழம கடலூரு வாம்மா. சொந்தமா ஒரு மிஷினு வாங்கிடலாம்னு இருக்கேன். டேபிள் மேல வெக்கிற சின்ன மிஷினு. ரொம்ப நாளு ஆசதான், இப்பதான் காரணம் கெடச்சிது" என்றார். பணம் எங்கிருந்து வருகிறது என்று தெரியும். அண்ணி கிரைண்டர் வாங்கச் சீட்டுப் போட்டிருந்தார், அந்தச் சீட்டு அப்போதுதான் விழுந்திருந்தது. வேண்டாம் அண்ணி என்றேன். அண்ணி என்னை ஒரு பார்வை பார்த்தார். "எனக்கு மாவாட்ட உரலு இருக்குதுடி. அந்தப் புள்ளைக்கு என்னா இருக்குது?"

கடலூரில் ஹார்டுவேர் கடைக்காரர் முதலில் பெரிய மெஷினைக் காட்டினார். அண்ணன் அதைத் தடவிப் பார்த்துப் பெருமூச்சு விட்டுவிட்டு, "இதுல கொறஞ்சதா எடுங்க" என்றார். இருப்பதிலேயே விலை குறைந்ததை எடுத்து வைத்தார்கள். தலையில் ஒரு மோட்டார், ஒரு பெல்ட், பக்கத்தில் பிடித்து இறக்குகிற கைப்பிடி, கீழே பொருளை வைக்க ஒரு பலகை. அண்ணி நாலு பக்கமும் சுற்றிவந்து, "ஏங்க, இதுல மாவாட்ட முடியாதா?" என்று கடைக்காரரைக் கேட்டார். அந்த மனிதர் அண்ணனைப் பார்த்தார்.

அண்ணன் சட்டைப் பையிலிருந்து துளை போடுகிற புது பிட் ஒன்றை எடுத்து மெஷினின் வாயில் செருகி இறுக்கினார். கரண்ட் போடவில்லை. கையாலேயே மெல்லச் சுற்றிவிட்டு, குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு நுனியைப் பார்த்தார். நுனி வட்டம் போட்டது. "வேற எடுங்க" என்றார். அடுத்ததிலும் வட்டம். "வேற எடுங்க." கடைக்காரருக்குச் சலிப்புத் தட்டிவிட்டது. "அண்ணே, இந்த வெலைக்கு இப்டிதாண்ணே இருக்கும். அந்த ஆட்டம்லாம் கண்ணுக்கே தெரியாது" என்றார்.

"கண்ணுக்குத் தெரியாது தம்பி. காலுக்குத் தெரியும்" என்றார் அண்ணன்.

கடைக்காரர் அப்போதுதான் என்னையும், என் பையில் நீட்டிக்கொண்டிருந்த கேலிப்பரையும் பார்த்தார். உள்ளே போய், கட்டுப் பிரிக்காத பெட்டிகளை அவரே தூக்கிவந்து பிரித்துக் காட்டினார். கடைசியாகப் பிரித்ததில் நுனி அசையாமல் நின்றது. "வெல கொறச்சலா இருக்கலாம். தல ஆடக் கூடாது" என்று சொல்லிப் பணத்தைக் கட்டினார். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கிறபோதுகூட இப்படிப் பார்க்கவில்லை என்று அண்ணி என் காதில் சொன்னார்.

பஸ்ஸில் அந்தப் பெட்டியை மடியில் வைக்கவும் முடியாது, கீழே வைக்கவும் மனசு வராது. கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் போட்டார். அண்ணன் சீட்டில் மெஷினை உட்காரவைத்துவிட்டு ஊர் வரைக்கும் நின்றுகொண்டே வந்தார். கருவேப்பிலங்குறிச்சிக்குப் போகிற பெரியவர் ஒருவர் பெட்டியின் படத்தைப் பார்த்துவிட்டு, "கரும்பு ஜூஸ் கடையா தம்பி?" என்று கேட்டார். "ஆமாங்க, இவரு இரும்பையே புழிவாரு" என்றார் அண்ணி. பஸ்ஸே சிரித்தது. அந்த வழியெல்லாம் அண்ணன் பெட்டியின் மேல் வைத்த கையை எடுக்கவில்லை.

சமையலறைக்குப் பின்னால் விறகு வைத்திருந்த தாழ்வாரத்தைக் காலி செய்து மெஷினை ஏற்றினார்கள். அண்ணி சந்தனம் குங்குமம் வைத்து, சூடம் காட்டி, எலுமிச்சம்பழத்தை எங்கே வைப்பது என்று யோசித்தார். வண்டியென்றால் சக்கரத்தில் வைத்து ஏற்றலாம்; இதற்குச் சக்கரம் ஏது? அண்ணன் பழத்தை வாங்கிப் பலகையில் வைத்துக் கைப்பிடியை இறக்கினார். அந்த மெஷின் போட்ட முதல் துளை எலுமிச்சம்பழத்தில்தான். இரண்டாவது துளை போடப் போகும்போது, பிட்டைப் பிடிக்கிற சக் அப்படியே கழன்று பலகையில் விழுந்தது. அண்ணி பதறிப்போனார். "கடக்காரன் மேல கொளஞ்சியப்பர் கோயில்ல பிராது எழுதிக் கட்டிப்புடலாம், வாங்க" என்றார். அண்ணன் கழன்ற இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். துரு பிடிக்காமல் இருக்கப் பூசியிருந்த கிரீஸை அவர்தான் துடைக்க மறந்திருந்தார். "என் மேலதான் பிராது கட்டணும். எம்பேர வெச்சிருக்குற சாமி எடுத்துக்குமா?" என்று சொல்லிக்கொண்டே மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துத் தட்டி ஏற்றினார். அதற்குப் பிறகு அது கழன்றதே இல்லை.

அடுத்த ஞாயிறு நானும் சுகன்யாவும் போயிருந்தோம். அவளை முக்காலியில் உட்காரவைத்துக் காலை அளந்தார். கேலிப்பரில் இருக்கும் துளைகளுக்கு நடுவே ஸ்கேலை வைத்து அளந்து, சுவரில் சாக்பீஸால் குறித்துக்கொண்டார். "முந்தானய இழுத்துச் சொருவிக்கம்மா, மிஷினு ஓடுது" என்று என்னை அதட்டினார். புதுப் பட்டையில் துளைகள் விழுந்தன. நான் இவ்வளவு சுத்தமான துளையைப் பார்த்ததில்லை. சுற்றிலும் பிசிறு இல்லை, சாய்வு இல்லை. முதல் போல்ட்டைப் போட்டார்; வெண்ணெய்போல் இறங்கியது. இரண்டாவது போல்ட் இறங்கவில்லை. பட்டையைத் திருப்பிப் போட்டார். அப்போதும் இல்லை. மறுபக்கத்துப் பட்டையிலும் அதே கதை. சுவரைப் பார்த்தார், பட்டையைப் பார்த்தார். "அளவு சரியாத்தான் இருக்குது" என்றார். வேர்த்துவிட்டது அவருக்கு.

சுகன்யா யார் முகத்தையும் பார்க்காமல் சட்டை நுனியைத் திருகிக்கொண்டிருந்தாள். அவள் மனசில் என்ன ஓடுகிறது என்று எனக்குத் தெரியும். பள்ளிக்கூடம் திறப்பது அடுத்த வாரம். என்னால் அடக்க முடியவில்லை. "இதுக்காண்ணே கடலூரு வரைக்கும் போயி, கடையவே பிரிச்சிப் போட்டு வாங்கியாந்தோம்?" என்று கேட்டேவிட்டேன். அவர் ஆடாத தலை பார்த்து வாங்கிய மெஷினையே மறுபடி குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. வாயில் எப்போதும் இருக்கிற வார்த்தைதான் வந்தது. "என்னா, சுருக்கம் போட்டாச்சா?"

அண்ணன் நிமிர்ந்தார். ஸ்கேலை எடுத்துப் பட்டையில் வைத்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். சுவரில் எழுதியது சரியான அளவு. பட்டையில் குறிக்கும்போது, அவர் அறியாமலே, கை அதன் பாட்டுக்குச் சுருக்கத்தைக் கூட்டிவிட்டிருக்கிறது. "சூளைக்குப் போற மாரியே போட்டுட்டேம்மா" என்றார்.

முதலில் சிரித்தது சுகன்யாதான். "மாமா, அப்ப என் கால சூளையில வெச்சிடுவீங்களா?" என்றாள். பிறகு அண்ணி, பிறகு நான். கடைசியில் அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர்களுக்குப் பிள்ளையில்லை என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். நான் அதைப் பற்றி அவரிடம் பேசியதே இல்லை. அன்றைக்கு அவராகவே சொன்னார்: "சின்னதாவுற பொருளுக்கே கணக்குப் போட்டு கை பழகிப்போச்சு. வளர்ற ஒண்ணுக்கு நான் இதுவரைக்கும் எதுவுமே செஞ்சதில்லம்மா."

வேறு பட்டை எடுத்தார். இந்தத் தடவை ஒவ்வொரு அளவையும் சுகன்யாவை வாய்விட்டுப் படிக்கச் சொல்லி, அவள் சொன்னபடியே குறித்தார். துளைகள் கச்சிதமாகப் பொருந்தின. ஆனாலும் கையை நிறுத்தவில்லை. அதே வரிசையில் மேலே மேலே துளை போட்டுக்கொண்டே போனார். "இத்தன ஓட்டை எதுக்குண்ணே?" என்று கேட்டேன். "வளர்றதுக்கு. ஒவ்வொருவாட்டியும் பட்டைய மாத்த வேணாம். போல்ட்ட மட்டும் அடுத்த ஓட்டைக்கு மாத்திக்கலாம்" என்றார். டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டினோம். நடக்கவிட்டுப் பார்த்து, சரியாக இருக்கிறது என்றார்.

பள்ளி திறந்த அன்று நாங்கள் இறங்கிய பஸ் நிறுத்தத்தில் அண்ணன் சைக்கிளுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார். எனக்குப் பார்த்ததுமே புரிந்துவிட்டது, அந்த டயரில் காற்று கல்லு மாதிரி இருந்தது. சுகன்யா பையை மாட்டிக்கொண்டு நேராக நடந்து போனாள். சாய்வு இல்லை. தெரு முனையில் அவள் திரும்பும் வரைக்கும் அண்ணன் பம்பை அழுத்திக்கொண்டே இருந்தார். பிறகு சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு அது ஒரு வழக்கமாகிவிட்டது. பிள்ளை வளர்ந்திருக்கிறாள் என்று தோன்றினால் அண்ணன் ஸ்பேனரை எடுப்பார். போல்ட் அடுத்த துளைக்கு மாறும். மாறின அன்று அண்ணி பாயசம் வைப்பார். "போல்ட்டு மாறுனா பாயசம்" என்று சுகன்யாவே பாட்டுப்போல் சொல்லிக்கொண்டு திரிவாள். மற்றவர்கள் பிறந்தநாள் கொண்டாடுவார்கள், எங்களுக்கு இதுதான். கேலிப்பரின் தோல்வாரும் பூட்ஸும் மேல்பகுதியும் எத்தனையோ தடவை மாறிவிட்டன. கீழே சேர்த்த பட்டை மட்டும் அண்ணன் போட்டதே. இப்போது அவள் பிளஸ் டூ படிக்கிறாள். அண்ணிக்கும் பிறகு போட்ட சீட்டில் கிரைண்டர் வந்துவிட்டது. அந்த மெஷினில் தெருவில் உள்ள எல்லோருக்கும் ஏதாவது ஒன்றுக்குத் துளை போட்டுக் கொடுத்திருக்கிறார். கம்பெனி மெஷினில் கடைசிவரைக்கும் ஒன்றுகூடப் போடவில்லை.

போன மாதம் புதுச்சேரிக்குப் போனபோது, சுகன்யாவுக்கு எலும்பு வளர்ச்சி முடிந்துவிட்டது, இனி நீளம் மாற்றவேண்டியதில்லை என்று டாக்டர் சொன்னார். இதை அண்ணனிடம் சொல்லவேண்டும் என்று வைத்திருந்தேன். அவளையே நேரில் போய்ச் சொல்லச் சொல்லலாம், சந்தோஷப்படுவார் என்று தள்ளிப்போட்டேன். அதற்குள் இப்படி ஆகிவிட்டது.

நேற்று அவளை அழைத்துக்கொண்டு அண்ணியைப் பார்க்கப் போனேன். போல்ட்டைப் பார்க்கவேண்டும் என்று அவர் சொன்ன சொல் என் நெஞ்சில் முள்ளாக இருந்தது. தாழ்வாரத்தில் மெஷின் துணி போர்த்தி இருந்தது. சுகன்யா ஆணியில் மாட்டியிருந்த ஸ்பேனரை எடுத்து, அவர் உட்காருகிற பலகையில் உட்கார்ந்து, தானே போல்ட்டை இறுக்கினாள். பாவம், அழுதுகொண்டேதான் இறுக்கினாள். நான் அண்ணியிடம் டாக்டர் சொன்னதைச் சொன்னேன். "இவ வளந்து முடிச்சிட்டா அண்ணி. இன்னமும் ஒரு ஓட்டை மீதி இருக்குது" என்றேன்.

அண்ணி குனிந்து, பட்டையில் போல்ட் ஏறாத அந்த மேல் துளையில் விரலை வைத்தார். ரொம்ப நேரம் விரலை எடுக்கவில்லை. பிறகு துணி போர்த்தியிருந்த மெஷின் பக்கம் திரும்பி, அவர் அங்கே நிற்பதுபோலவே கேட்டார்:

"சுருக்கம் போட்டாச்சா?"

நாங்கள் மூன்று பேரும் அழுதோம். பதில் சொல்லத்தான் ஆள் இல்லை.

அண்ணனுடைய மெஷின் அண்ணி வீட்டிலேயே இருக்கும். ஸ்பேனரை அண்ணி சுகன்யாவிடம் கொடுத்துவிட்டார். எனக்கென்று அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த ஒரு துளையைத்தான். அதில் இனி எந்தப் போல்ட்டும் ஏறப்போவதில்லை. என் பிள்ளைக்குத் தேவையான அளவு முழுவதையும் கொடுத்துவிட்டு, அதற்கு மேலும் ஒன்று இருக்கட்டும் என்று நினைத்த மனசு அது. அவள் நடக்கட்டும். அது அப்படியே இருக்கட்டும், அண்ணே.